போகவிட்ட வீரரும் பின்னால் வரும் புத்தியும்

தன் வீரர் சக்வான் பார்க்லி பிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டால் தனக்குத் தூக்கம் வருவது கஷ்டம் என்று நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் உரிமையாளர் ஜான் மாரா தன் ஜெனரல் மேனேஜர் ஜோ ஷேனிடம் சொன்னது அமெரிக்க விளையாட்டு ரசிகர்களுக்கு இன்று மனப்பாடம். 2024 தொடக்கத்தில் மூடிய அறைக்குள் நடந்த அந்தப் பேச்சை எச்பிஓ தொலைக்காட்சியின் ‘ஹார்ட் நாக்ஸ்’ குழு படம்பிடித்து ஜூலையில் ஒளிபரப்பியது. அதற்குள் பார்க்லி பிலடெல்ஃபியா ஈகிள்ஸில் கையெழுத்திட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த சீசனில் அவர் பந்தை ஏந்தி 2,005 கஜம் ஓடினார். ஒரே சீசனில் 2,000 கஜத்தைக் கடந்த 9ஆவது வீரர் அவர். அக்டோபர் 20ஆம் தேதி பழைய அணியின் சொந்த மைதானத்துக்கே வந்து 17 ஓட்டங்களில் 176 கஜம் எடுத்தார். ஈகிள்ஸ் 28-3 என்று வென்றது. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, தன் 28ஆவது பிறந்தநாளில், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பையையும் தூக்கினார். ஜயன்ட்ஸோ 17 ஆட்டங்களில் 3இல் மட்டும் வென்று அடிமட்டத்தில் கிடந்தது. கையில் இருந்த வைரத்தை எதிரிக்குத் தாரைவார்த்த ஷேனுக்குத் தொழில் தெரியாது என்று ரசிகர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு எட்டப்பட்ட விதம் பிழையானது என்பது என் கருத்து. ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு நிர்வாகிகளை நம்ப வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு தனி வீரரை எடுத்தது சரியா, விட்டது சரியா என்று ஆட்டம் முடிந்தபின் சொல்லப்படும் தீர்ப்பு பெரும்பாலும் விளைவைப் பார்த்துப் பின்னப்பட்ட கதை. ஆனால் ஒரு நிர்வாகி பல வருடங்களாகப் பணத்தை எங்கே கொட்டுகிறார், எதைக் காயப்போடுகிறார் என்று ரசிகர்கள் சேர்த்துப் பார்த்துச் சொல்லும்போது அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நியாயமான கோபம்கூட வீணாகிறது.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தோடு பார்க்லி ஆடும் ஆட்டத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ எதிரணியின் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். பார்க்லி அந்த வகை. இவர்களுக்கு முன்னால் நின்று எதிரிகளைத் தள்ளி வழி திறப்பவர்கள் ஐந்து பேர், ஒவ்வொருவரும் 140 கிலோவுக்குக் கிட்டத்தட்ட நிற்கும் ஆட்கள். ஓடியவரின் பெயர்தான் தலைப்புச் செய்தியில் வரும். வழி திறந்தவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது. இந்த அணிகளுக்கு ஆள் சேர்ப்பவர்தான் ஜெனரல் மேனேஜர். 4 சீசன் ஆடி ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்த அணிக்கும் போகலாம்; அவரைத்தான் ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள். வீரர்கள் நீதிமன்றம் வரை போராடி 1993இல் பெற்ற உரிமை இது. மறு ஆண்டே சம்பள வரம்பும் வந்துவிட்டது. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் பணம் என்று வரையறுப்பதைப் போல, 1994இல் அணிக்கு 3.46 கோடி டாலர் என்று தொடங்கிய அந்த வரம்பு 2024இல் 25.54 கோடி டாலராக இருந்தது. உரிமையாளர் எத்தனை பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதற்குள்தான் 53 பேர் கொண்ட அணியை ஓட்ட வேண்டும். கையெழுத்துப் பணத்தை ஐந்து ஆண்டு வரை பிரித்துக் கணக்கில் காட்டலாம் என்பதால் இன்றைய சுமையை நாளைக்குத் தள்ளவும் வழியுண்டு. ஆனால் வீரரை இடையில் அனுப்பிவிட்டால் மிச்சக் கணக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும். குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை 2024இல் விடுவித்த டென்வர் அணி, தனக்கு ஆடாத ஒருவருக்காக இரண்டு ஆண்டுகளில் சுமார் 8.5 கோடி டாலரைத் தன் வரம்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக, ஜெனரல் மேனேஜர் முன்னால் இருக்கும் கேள்வி ‘இவர் நல்ல வீரரா?’ என்பதோடு நிற்காது. இந்த விலைக்கு, இந்த வயதில், வேறு எதை விட்டுக்கொடுத்து இவரை வாங்குவது என்பதுதான் முழுக் கேள்வி. 2024 மார்ச்சில் ஷேன் மேசையில் இருந்த தாளை நினைத்துப் பாருங்கள். பார்க்லிக்கு வயது 27. ரன்னிங் பேக்குகளின் கால்கள் அந்த வயதுக்கு மேல் தளரத் தொடங்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் ஏற்ற கணக்கு. 2020இல் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. கணுக்கால் காயங்கள் பலமுறை வந்தன. 2023 சீசனில் 14 ஆட்டங்களில் 962 கஜம்தான், ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 4 கஜம்கூட இல்லை. ஈகிள்ஸ் அவருக்குக் கொடுத்தது 3 ஆண்டுக்கு 3.775 கோடி டாலர், அதில் 2.6 கோடி உத்தரவாதப் பணம். குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்று ஜயன்ட்ஸ் ஓராண்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தது. ஆண்டுக்கு 4 கோடி வாங்குபவரை வைத்துக்கொண்டு, பந்தை 1.2 கோடிக்காரரிடம் கொடுத்துவிட்டு நிற்பதற்கா இத்தனை சம்பளம் என்ற பொருளில் ஷேன் பேசியதும் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதே மார்ச்சில் அவர் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் பிரையன் பர்ன்ஸைக் கரோலினாவிலிருந்து கொண்டுவந்து 5 ஆண்டுக்கு 14.1 கோடி எழுதினார். பார்க்லியின் இடத்துக்கு டெவின் சிங்கிள்டரியை 1.65 கோடிக்கு எடுத்தார். இந்தத் தாளைப் பார்த்து வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

பின் ஏன் எல்லாருக்கும் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது? 1975இல் உளவியலாளர் பாருக் ஃபிஷாஃப் செய்த ஒரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. 1814இல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய குறிப்பொன்றை அவர் பல குழுக்களிடம் படிக்கக் கொடுத்தார். ஆங்கிலேயர் வெற்றி, கூர்க்கா வெற்றி, உடன்படிக்கையோடு இழுபறி, உடன்படிக்கை இல்லாத இழுபறி என்று நான்கு முடிவுகள் சாத்தியம். ஒரு குழுவுக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றக் குழுக்கள் ஒவ்வொன்றிடமும் இவற்றில் ஒவ்வொன்றை ‘இதுதான் நடந்தது’ என்று சொன்னார். பிறகு, முடிவு தெரியாதவர்களைப் போல யோசித்து, எது நடக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார். எந்த முடிவைச் சொல்லியிருந்தாரோ அதற்கே அந்தந்தக் குழு கூடுதல் வாய்ப்பு இருந்ததாக மதிப்பிட்டது. படித்த குறிப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். முடிவு காதில் விழுந்ததும், அதே குறிப்பில் அதற்கான அறிகுறிகள் எல்லாம் முன்பே இருந்ததாக மனம் அடுக்கிக்கொண்டுவிட்டது. 2,005 என்ற எண்ணைக் கேட்டபின் மார்ச் மாதத் தாளைத் திரும்பப் படிக்கும் ரசிகருக்கும் இதுதான் நடக்கிறது. முழங்கால் காயம் மங்கிப்போகிறது. 2018இல் முதல் வருடமே அவர் 1,307 கஜம் ஓடியது பளிச்சென்று தெரிகிறது.

இதை வெறும் உளவியல் தத்துவமாக விட்டுவிட வேண்டியதில்லை. பார்க்லி கதைக்கு ஒன்பது ஆண்டு முன்னால் அதே ஈகிள்ஸ் அணியே இந்தச் சோதனையை நிஜமாகவே நடத்தியிருக்கிறது. டல்லாஸ் கௌபாய்ஸின் டிமார்கோ மர்ரே 2014 சீசனில் 1,845 கஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். டல்லாஸும் நியூயார்க்கைப் போலவே ஈகிள்ஸின் பிரிவைச் சேர்ந்த நெடுநாள் பகையாளி. 2015 மார்ச்சில் மர்ரே ஒப்பந்தம் முடிந்து ஈகிள்ஸுக்கு வந்தார். அவருக்கும் அப்போது வயது 27. பகையாளி அணியின் நட்சத்திரம், அதே இடத்து ஆட்டக்காரர், அதே வயது, பெரிய தொகை. பார்க்லியை எடுத்ததற்கும் இதற்கும் காகிதத்தில் இருந்த ஒரே பெரிய வேறுபாடு, மர்ரேயின் முந்தைய சீசன் பார்க்லியின் முந்தைய சீசனைவிட மிக மேலானது என்பது. நடந்தது என்ன? ஈகிள்ஸில் மர்ரே ஓடியது 702 கஜம். டிசம்பரில் பயிற்சியாளர் சிப் கெல்லியின் வேலை போயிற்று. வீரர் தேர்வும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. மர்ரே டென்னசிக்கு அனுப்பப்பட்டார், அங்கே மறு ஆண்டே 1,287 கஜம் ஓடினார். டல்லாஸில் அவர் விட்டுச்சென்ற இடத்தில், முடிந்துபோன ஆள் என்று பலர் நினைத்திருந்த டேரன் மக்ஃபேடன் 1,089 கஜம் எடுத்தார். வழி திறக்கும் டல்லாஸின் முன்வரிசை அந்நாளில் பெயர்பெற்றது. அது மர்ரேயோடு ஊர் மாறிவரவில்லை.

பார்க்லிக்கு நடந்தது இதன் மறுபக்கம். ஜயன்ட்ஸில் அவர் பந்தை வாங்கும்போதே எதிரிகள் பின்களத்துக்குள் வந்து நிற்பார்கள். பிலடெல்ஃபியாவில் லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்காய் பெக்டன் என்ற ஐவர் திறந்துவிட்ட கதவில் முதல் எதிரியின் கை படுமுன்னே பல கஜம் கடந்துவிடுவார். ஆனாலும் எல்லாவற்றையும் முன்வரிசை கணக்கில் எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 2024 நவம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக ஒரு சிறு பாஸைப் பிடித்தார் பார்க்லி. ஒருவரை ஏமாற்றி உடலைச் சுழற்றியதில் முதுகு எதிர்த்திசைக்கு வந்துவிட்டது. காலைக் குறிவைத்து இன்னொருவர் பாய்கிறார். திரும்பிப் பார்க்க நேரமில்லை. முதுகுப்புறமாகவே எம்பி, பார்க்காமலே அந்த ஆளைத் தாண்டிக் கால் ஊன்றி ஓடினார். எந்த முன்வரிசையும் அதைக் கற்றுத்தராது. பார்க்லியின் திறமையால் இந்த வெற்றி தவிர்க்க முடியாதது என்று நினைப்பவர்களுக்குப் பதில் இதுதான்: அந்தத் திறமை ஜயன்ட்ஸிலும் இருந்தது, ஆறு சீசன் இருந்தது, அந்த ஆறில் ஒன்றிலும் 1,312 கஜத்துக்கு மேல் அவரால் போக முடியவில்லை. டேனியல் ஜோன்ஸையும் இந்த இடத்தில் நினைக்கலாம். நியூயார்க்கில் தோற்றுப்போன ஆள் என்று 2024 நவம்பரில் துரத்தப்பட்ட அவர், 2025இல் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸுக்குப் போய் முதல் 10 ஆட்டங்களில் 8ஐ வென்று கொடுத்தார்.

சரி, பார்க்லியை எடுத்த ஈகிள்ஸின் ஜெனரல் மேனேஜர் ஹவி ரோஸ்மனுக்கு மட்டும் எல்லாம் முன்கூட்டித் தெரிந்ததா? அதே மார்ச் மாதத்தில் அவர் எடுத்த இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். ஜெட்ஸ் அணியில் முந்தைய சீசனில் எதிர் குவார்ட்டர்பேக்குகளை 10 முறை வீழ்த்திய பிரைஸ் ஹஃபுக்கு 3 ஆண்டுக்கு 5.11 கோடி கொடுத்தார். பார்க்லிக்குக் கொடுத்ததைவிட அதிகம். நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் துணை ஆளாக இருந்த ஸாக் பானை ஓராண்டுக்கு 35 லட்சத்துக்கு எடுத்தார். சீசன் முடிவில், 35 லட்சத்து பான் லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் நின்றார். 5.11 கோடி ஹஃப், சூப்பர் பவுலன்று ஆட்டப் பட்டியலிலேயே இல்லை. ஒரே மனிதர், ஒரே மாதம், ஒரே மூளை. இதே ரோஸ்மன்தான் 2011இல் ஃப்ரீ ஏஜென்ட்டுகளை வாரிக் குவித்து, ‘கனவு அணி’ என்று பெயர் வாங்கி, 16 ஆட்டங்களில் 8ஐ மட்டும் வென்ற அணியின் ஜெனரல் மேனேஜராகவும் இருந்தவர். இந்தச் சந்தையில் ஏலத்தின் இயல்பும் சேர்ந்து விளையாடுகிறது. ஒரு வீரரின் உண்மை மதிப்பை ஐந்தாறு அணிகள் ஊகிக்கின்றன. மிக அதிகமாக ஊகித்த அணிக்குத்தான் அவர் கிடைக்கிறார். ஆகையால் வென்றவர் கூடுதலாகக் கொடுத்துவிட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2009இல் ஆல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த்துக்கு 10 கோடி டாலர் என்று எழுதிய வாஷிங்டன் அணி இரண்டே சீசனில் கையைக் கழுவிக்கொண்டதை அமெரிக்க ரசிகர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

எதிர்காலத்தைக் கணிக்கத்தானே இவர்களுக்குச் சம்பளம், விளைவைத் தவிர வேறு எதைக் கொண்டு அளப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளைவால்தான் அளக்க வேண்டும், ஆனால் ஒன்றைக் கொண்டு அளக்கக் கூடாது. இருபது முப்பது முடிவுகளைச் சேர்த்து வைத்தால்தான் அதிர்ஷ்டம் வடிந்து திறமை தெரியும். இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ‘அன்றைக்குத் தெரிந்ததை வைத்து’ என்று சொல்கிறீர்களே, அன்றைக்கு எல்லாரும் நம்பிய கணக்கே தவறாக இருந்தால்? அதே 2024 மார்ச்சில் 30 வயது டெரிக் ஹென்றியை பால்டிமோர் 2 ஆண்டுக்கு 1.6 கோடிக்கு எடுத்தது; அவர் 1,921 கஜம் ஓடினார். ரன்னிங் பேக்குகள் 27 வயதில் முடிந்துபோவார்கள் என்ற பொதுப்புத்தியே அவர்களை அளவுக்கு மீறி மலிவாக்கிவிட்டது, அதைக் கவனித்த அணிகள் லாபம் பார்த்தன என்பதை நானும் ஏற்கிறேன். இது ஷேன்மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டுதான். ஆனால் இது மார்ச் மாதத்திலேயே, 2,005 என்ற எண்ணைக் கேட்குமுன்னே வைக்கக்கூடிய குற்றச்சாட்டு. அன்று அதை வாதிட்ட ரசிகருக்கு மரியாதை செய்ய வேண்டும். அன்று சும்மா இருந்துவிட்டு பிப்ரவரியில் குதிப்பவரோடு அவரை ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

ரசிகர்கள் எதில் வல்லவர்கள், எதில் இல்லை என்பதற்கு ஜயன்ட்ஸின் வரலாற்றிலேயே அழகான சான்று இருக்கிறது. 1978 நவம்பர் 19ஆம் தேதி 17-12 என்று முன்னிலையில் இருந்த ஜயன்ட்ஸ், கடைசி அரை நிமிடத்தில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே வென்றிருக்கும். தேவையில்லாமல் பந்தைக் கைமாற்றப்போய்த் தவறவிட்டது. அதை எடுத்து ஓடி 19-17 என்று வென்ற அணி, வேறு யார், ஈகிள்ஸ்தான். மூன்று வாரம் கழித்து ஒரு சிறு விமானம் மைதானத்துக்கு மேல் பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது: 15 ஆண்டு மட்டமான ஆட்டம், எங்களுக்குப் போதும் என்பது அதில் இருந்த செய்தி. கூட்டம் அதையே முழக்கமாக எடுத்துக்கொண்டது. அந்த அழுத்தத்தில், குடும்பச் சண்டையில் சிக்கியிருந்த உரிமையாளர்கள் லீக் ஆணையரின் முயற்சியால் 1979 பிப்ரவரியில் வெளியாள் ஒருவரை, ஜார்ஜ் யங்கை, ஜெனரல் மேனேஜராக்கினார்கள். அவர் காலத்தில் அணி இரண்டு சூப்பர் பவுல் வென்றது. பதினைந்து ஆண்டு நிர்வாகத்தைப் பற்றி ரசிகர்கள் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. ஆனால் அதே யங், வந்த சில மாதங்களில், பெயர் தெரியாத சிறிய கல்லூரி ஒன்றிலிருந்து ஃபில் சிம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தபோது அதே ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்த சிம்ஸ் 1987 ஜனவரியில், சூப்பர் பவுலில், எறிந்த 25 பாஸ்களில் 22ஐச் சேர்ப்பித்து ஆட்ட நாயகனானார். ஓர் ஆளைப் பற்றி அவர்களால் கணிக்க முடியவில்லை. ஒரு நிர்வாகத்தின் போக்கை அவர்களைவிட நன்றாக யாரும் கணிக்கவில்லை.

2024 டிசம்பரில் ஜயன்ட்ஸின் மெட்லைஃப் மைதானத்துக்கு மேலும் விமானம் பறந்தது. மாராவை விளித்து, போதும், இதைச் சரிசெய்யுங்கள் என்றது அதன் பதாகை. அந்தக் கோபத்துக்கு ஆதாரம் தேடினால் பார்க்லியைத் தாண்டிப் போக வேண்டும். ஜூலியன் லவ் 2023இல் சியாட்டிலுக்குப் போய் அந்த ஆண்டே லீக்கின் நட்சத்திரங்களுக்கான ‘புரோ பவுல்’ வீரரானார். பார்க்லி போன அதே மார்ச்சில் சேவியர் மக்கின்னி கிரீன் பேவுக்குப் போய், எதிரணியின் 8 பாஸ்களை இடைமறித்து லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் ஏறினார். சொந்தமாக வளர்த்த ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிய அதே நிர்வாகம், ஜோன்ஸ் ஒரு நல்ல சீசனும் மினசோட்டாவில் ஒரு பிளே ஆஃப் வெற்றியும் கொடுத்த கையோடு 16 கோடிக்குக் கையெழுத்திட்டது. 2022இல், ஷேன் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில் 7ஆவது தேர்வைச் செலவழித்து எடுத்த முன்வரிசை வீரர் ஈவன் நீல் எதிர்பார்ப்பில் பாதியைக்கூட எட்டவில்லை. ஈகிள்ஸ் ஐவரில் நால்வரைப் பத்தாண்டுகளாக இளம் வீரர் தேர்வில் எடுத்து வளர்த்து, கடைசியில்தான் ஓடும் ஆளை வாங்கியது. ஜயன்ட்ஸ் ஓடும் ஆளை 2018இலேயே 2ஆவது தேர்வில் எடுத்துவிட்டு, அவருக்கு வழி திறக்க ஆள் தேடிக்கொண்டே ஆறு ஆண்டைக் கழித்தது. அதில் முதல் நான்கு ஆண்டு ஷேனுக்கு முந்தையவரின் பொறுப்பு, மீதி இவருடையது.

இந்த வரிசையைக் காட்டிக் கேட்டால் ஷேனால் எளிதில் பதில் சொல்ல முடியாது. பார்க்லியின் 2,005 கஜத்தை நீட்டிக் கேட்டாலோ, எங்கள் முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓடியிருந்தால் அவருக்கு அவ்வளவு வந்திருக்காது என்று சொல்லி அவர் நகர்ந்துவிடலாம். அது உண்மையும்கூட. அந்த முன்வரிசையைக் கட்ட வேண்டியவர் யார் என்பதுதான் ரசிகர்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி.